பட்டினி நாள்

கோழிக்கு நிறம் தெரியுமா என்று கேட்பவர்கள், பட்டினி நாளில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு அந்தப் பண்ணைக் கொட்டகைக்குள் ஒரு தடவை நுழைந்து பார்க்க வேண்டும். தீனி போடுகிற நாளுக்கு நீலக் கோட்டு, தீனி இல்லாத நாளுக்குப் பழுப்புக் கோட்டு என்று அங்கே ஒரு வழக்கம். மறந்துபோய் மாற்றிப் போட்டால் தீர்ந்தது கதை. அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் படுத்துக்கிடந்த அத்தனை கோழியும் ஒரே ஓட்டமாகக் கதவுக்கு வரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். வேலைக்கு வந்த புதிதில் ஒருத்தி அப்படிச் செய்துவிட்டு, செத்ததைக் கூடை கூடையாக அள்ளிப் போட்டாள். அன்றைக்குப் போனவள்தான், அப்புறம் பண்ணைப் பக்கம் தலைகாட்டவில்லை.

வளர்கோழிக் கொட்டகையில் தீனி அளந்து போடுகிறவளைப் பண்ணை முழுக்கத் தீனிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் கோட்டை மாற்றிப் போட்டதில்லை. தீனி நாளில்கூட விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிலேயே தொட்டி நெடுகத் தீனியை நிரப்பிவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள். ஒரு பக்கம் தீனி விழுந்து மறுபக்கம் விழாமல் இருந்தால் அங்கேயும் அதே மிதிபாடுதான். வெளிச்சம் வரும்போது எல்லாக் கோழியின் மூக்குக்கு முன்னாலும் தீனி இருக்கவேண்டும். இருந்தால் சத்தமே இருக்காது. மழை பெய்கிற மாதிரி கொத்துகிற ஓசை மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம். அப்புறம் தொட்டி காலி. அடுத்த நாள் முழுக்கப் பட்டினி.

இவை கறிக்கோழிகள் இல்லை. கறிக்கோழிக் குஞ்சுகளுக்குத் தாயாகப் போகிறவை. சீக்கிரம் எடை போடவேண்டும் என்பதற்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வம்சம்.

"வீட்டுக் கோழி வயிறு ரொம்பினா தானா ஒதுங்கிப் போயிடும்மா" என்று பண்ணைக்கு வருகிற கோழி டாக்டர் ஒரு தடவை சொல்லியிருந்தார். "இதுக்கு அந்தப் போதும்ங்கிற நெனப்பே இல்லாமப் போச்சு. நாமதான் அப்படி ஆக்கி வச்சிருக்கோம். போட்டுக்கிட்டே இருந்தா தின்னுக்கிட்டே இருக்கும். காலு முறியும், நெஞ்சு நின்னுடும். அது சொல்லாத போதும்ங்கிறதை நாமதான் சொல்லணும்."

அன்றைக்கு அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா, "உங்க பொண்ணுக்கு மூளையில போதும்னு சொல்ற இடம் வேலை செய்யல" என்று சொன்னபோது, அவளுக்குக் கொட்டகைதான் கண்ணில் வந்து நின்றது.

மகள் சிட்டு பிறந்தபோது துணிப்பொம்மை மாதிரி துவண்டு கிடந்தாள். பால் உறிஞ்சத் தெம்பில்லை. கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு வாய் குடிக்க மாட்டாளா என்று ஆத்தாக்காரி அழாத நாள் இல்லை. நடக்க ஆரம்பித்துக் கொஞ்சநாளில் சிட்டு நன்றாகச் சாப்பிடத் தொடங்கினாள். வீடே கொண்டாடியது. கொண்டாட்டம் அடங்குவதற்குள், சாப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை என்பது தெரிந்தது. பச்சை அரிசி, சோப்பு, பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்த சோறு என்று கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போயிற்று. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினாள்: அளந்து போடுங்கள், நேரத்துக்குப் போடுங்கள், மற்ற நேரம் சமையலறையைப் பூட்டுங்கள். இன்னொன்றும் சொன்னாள். "இவளுக்கு வலி சரியாத் தெரியாது. வாந்தியும் லேசுல வராது. என்னைக்காவது வயிறு வீங்கிக் கல்லாட்டம் இருந்தா, வலிக்கலன்னு அவ சொன்னாலும் நம்பாதீங்க. ஓடி வாங்க."

அன்றிலிருந்து தீனிக்காரியின் முந்தானையில் ஒரு சாவி முடிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சிட்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். மூக்கைச் சேலையில் வைத்துக் கோழித்தீனி வாசத்தை இழுத்து இழுத்து முகர்வாள். கண் மட்டும் முந்தானை முடிச்சிலேயே இருக்கும். பிள்ளை தன் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று தீனிக்காரி நினைத்துக்கொள்வாள்.

பண்ணையை ஒட்டிய குடியிருப்பில் இப்படி ஓடிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வந்து இறங்கினாள்.

அவள் தீனிக்காரியின் புருஷனுக்கு அக்கா. ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரி. அண்டா அண்டாவாக ஆக்கி இறக்கிய கை. காலித் தட்டைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. தம்பி வீட்டில் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த அன்றைக்கே, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவள் பார்த்தது, சிட்டு பாயில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு சோளப்பொரியாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்ததை.

"என்னம்மா இது? பிள்ளை தரையில பொறுக்குது?"

"ஒரு பிடிதான் அண்ணி. பரவலா இறைச்சு விட்டா தேடித் தேடி எடுப்பா. நேரம் போகும். கிண்ணத்துல குடுத்தா ஒரே வாய்தான், அப்புறம் அழுவா."

"உன் கோழிக்கு இறைக்கிற மாதிரி."

தீனிக்காரி சிதறிய பொரியைப் பிள்ளைப் பக்கம் தள்ளிவிட்டாள். அண்ணி சொன்னது உண்மைதான். பட்டினி நாளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, தரையில் பரப்பிய உமியில் நாலு பிடி சோளத்தை விசிறிவிடுவார்கள். நாளெல்லாம் கிளறிக்கொண்டிருக்கும். அங்கேதான் அவள் இதைக் கற்றுக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு பெரிதாயிற்று. தராசில் நிறுத்த சோறு சிட்டுவின் தட்டில் இருந்தது. அதே அளவு எல்லார் தட்டிலும் இருந்தது. பிள்ளைக்கு முன்னால் யாரும் கூடுதலாகத் தின்னக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நாத்தனார் தன் தட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"டேய் தம்பி, நீ முட்டை வண்டி ஓட்டுற. ஊருக்கெல்லாம் லோடு லோடா முட்டை எறக்குற. உன் வீட்டுல தராசு வச்சுச் சோறு போடுறாங்க. உனக்கு வெக்கமா இல்ல?"

"டாக்டர் சொன்னதுதான்க்கா."

"நான் விடுதியில பாக்காத பிள்ளையா? திங்காததையும் பாத்திருக்கேன், பருக்கை விடாம வழிச்சு நக்குறதையும் பாத்திருக்கேன். எல்லா வயித்துக்கும் ஒரு அளவு இருக்கு. அதைத் தொடுறதுக்குள்ள நீங்க தட்டைப் பிடுங்கிடுறீங்க. பின்ன எப்படி அடங்கும்? ஒரே ஒரு நாள், அதுவா போதும்ங்கிற வரைக்கும் போட்டுப் பாருங்க. தன்னால நிறுத்திடும்."

"நிறுத்த மாட்டா அண்ணி" என்றாள் தீனிக்காரி.

"போட்டுப் பாத்திருக்கியா?"

இல்லை. போட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

"பாத்தியா! பாக்காமலே பேசுற." நாத்தனார் குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதம்மா. ஆயிரக்கணக்கான வாயில்லாச் சீவனை நாள் விட்டு நாள் பட்டினி போடுற வேலை. அதுங்க வயித்தெரிச்சல் எங்க போகும்? உன் பிள்ளை வயித்துலதான் வந்து உக்காந்திருக்கு."

டிரைவர் தம்பி அக்காவையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல் தண்ணீரைக் குடித்தான். தீனிக்காரி எழுந்து கை கழுவப் போனாள். நாத்தனார் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. இருட்டில் தொட்டி நிரப்பும்போதெல்லாம், காலைச் சுற்றி முண்டுகிற கோழிகளின் சூடு பட்டபோதெல்லாம், அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான் அது. அடுத்தவர் வாயால் கேட்பதுதான் புதிது.

அடுத்து வந்தது பட்டினி நாள். அன்றைக்குத்தான் கோழிகளை எடை போடுவார்கள், இரைப்பை காலியாக இருந்தால்தான் எடை சரியாக வரும். தீனிக்காரி கிளம்பும்போது நாத்தனார் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுத்துட்டுப் போ. மத்தியானம் நான்தானே ஆக்கணும்?"

"நான் வந்து..."

"ஏன், நான் என்ன திருடியா?"

அப்படிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? தீனிக்காரி முடிச்சை அவிழ்த்தாள். "தராசுல வச்சுப் போடுங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன். கேட்டா குடுத்துடாதீங்க. அழுதாலும் குடுத்துடாதீங்க."

"போம்மா, போ. நான் பிள்ளை வளக்காதவளா?"

சாவி ஒரு முந்தானையிலிருந்து இன்னொரு முந்தானைக்குப் போயிற்று. சிட்டுவின் கண்ணும் கூடவே போயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் தீனிக்காரி படி இறங்கினாள். பார்த்தும் இறங்கினாளே என்று பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ.

பண்ணைக்குள் போவது அத்தனை லேசு இல்லை. கேட்டில் போனைக் கொடுக்க வேண்டும், குளிக்க வேண்டும், மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். கோழிகள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டன. வெளியே வெயில் தகரக்கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே உமித்தூசி மூக்கை அடைத்தது.

தடுப்புக்குள் வளைத்து நிறுத்திய கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, காலை மாட்டித் தராசில் தொங்கவிட்டாள். எடையைச் சூப்பர்வைசரிடம் சொன்னாள். இறக்கிவிடும் முன் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவினாள். காலி. அடுத்தது. காலி. தடவுகிற கை தடவியது, மனசு வீட்டிலேயே இருந்தது. இப்போது உலை வைத்திருப்பாளா? தட்டை வைத்திருப்பாளா? தராசை எடுத்தாளோ, எடுக்காமல் கண்ணளவில் போட்டாளோ?

"என்ன தீனிக்காரி, ஒரே கோழியை ரெண்டு தடவை தொங்க விடுற?" என்றார் சூப்பர்வைசர். "அதுக்கே சலிப்பாப் போச்சு பாரு."

மற்ற நாளாயிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்றால், கேட்டுக்குப் போய்வர மறுபடியும் குளியல். பாதி எடையில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அடுத்த கோழியைக் கையில் எடுத்தாள்.

கேட் காவல்காரர் கம்பிவலைக்கு வெளியே வந்து நின்று கத்தியது அப்போதுதான். அவர் உள்ளே வரக்கூடாது.

"தீனிக்காரி! உன் நாத்தனார் வந்து நிக்கிறாங்க! பிள்ளையைக் காணோமாம்!"

கையிலிருந்த கோழி நழுவியது. அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள்.

கேட்டில் நாத்தனார் தலைமுடி அவிழ்ந்து நின்றாள். அண்டாவை ஒற்றைக் கையால் இறக்குகிறவள், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்தும்னு பாத்தேன்டி" என்றாள். அம்மா போய் டி வந்துவிட்டது. "சத்தியமா நிறுத்தும்னு பாத்தேன். தட்டுல போட்டேன். இன்னும்னா. போட்டேன். இன்னும்னா. குழம்பு தீந்துச்சு, வெறுஞ்சோறைத் தின்னா. சட்டியைச் சுரண்டித் தின்னா. போதுமாடா கண்ணுன்னேன். இன்னும் அத்தைங்கிறா. மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது, இன்னும்ங்கிறா. எனக்குப் பயமாயிடுச்சு. பிடிச்சு சமையக்கட்டை விட்டு வெளிய தள்ளிட்டுக் கதவைப் பூட்டிட்டு முன்கட்டுல போய் உக்காந்துட்டேன். கதவுல முட்டி முட்டி அழுதா. அப்புறம் சத்தம் இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன். வந்து பாத்தா ஆளைக் காணோம்."

தீனிக்காரி அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அண்டை வீடு, குப்பைத்தொட்டி, கிணற்றடி என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சிட்டு, சிட்டு என்று கூப்பிட்ட குரல்கள் வெயிலில் போய்ப் போய்த் திரும்பின. தீனிக்காரி மட்டும் சட்டென்று நின்றாள். பிள்ளையாக நினைத்துத் தேடக்கூடாது, பசியாக நினைத்துத் தேடவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பூட்டிய கதவு. அதற்கு வெளியே வயிறு. அந்த வயிற்றுக்குத் தெரிந்த வாசனை எது? தினம் சாயங்காலம் அம்மாவின் சேலையில் முகர்ந்த வாசனை.

"கிடங்கு" என்றாள். "தீனிக் கிடங்கு!"

பட்டினி நாளில் கிடங்குப் பக்கம் யாரும் போவதில்லை. குடியிருப்பை ஒட்டிய பின்கதவு, மூட்டைகளுக்குக் காற்றுப் படட்டும் என்று பாதி திறந்து கிடந்தது. உள்ளே கண் பழகக் கொஞ்சம் நேரமாயிற்று. அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால், ஓர் ஓரத்தில், சரசரவென்று சத்தம். எலியாக இருக்கக்கூடாதா, கடவுளே, எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள்.

எலி இல்லை. சிட்டுதான். பல்லால் கடித்துக் கிழித்த மூட்டையிலிருந்து மாவுத்தீனி ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். முகம், தலைமுடி, இமை எல்லாம் மாவு. அம்மாவைப் பார்த்ததும் கை நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"அடிக்காதம்மா" என்றாள், மென்றுகொண்டே.

தீனிக்காரி மண்டியிட்டுச் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. கொட்டகையில் தடவித் தடவிப் பழகிய கை அது. அந்தக் கைக்கு இப்படி ஒரு வயிறு தட்டுப்பட்டதே இல்லை. காற்று அடைத்த லாரி டயர் மாதிரி விறைத்து, தோல் பளபளவென்று நின்றது.

"வலிக்குதாடா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா வலிக்கல?"

"வலிக்கலம்மா. தண்ணி வேணும்."

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவள் அத்தனை பயந்திருக்க மாட்டாள்.

பின்னாலேயே நாத்தனார் ஓடிவந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். "குடிக்கட்டும் பாவம், தொண்டை அடைச்சிருக்கும்" என்று குனிந்தாள். தீனிக்காரி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். செம்பு சுவரில் மோதி உருண்டது.

"தண்ணி குடுக்காதீங்க! உலர்ந்த தீனி! தண்ணி பட்டா ஊறிப் பெருகும்!"

அவளுக்குத் தெரியும். அவசரத்தில் மாவை அள்ளித் தின்ற கோழி தண்ணீர்க்குழாயில் போய்த் தொங்கும். அதன் இரைப்பை ஊறி உப்பி, கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி தொங்கிச் சாகும். அதனால்தான் தண்ணீரையும் அளந்து திறந்துவிடுவார்கள். நாத்தனார் கவிழ்ந்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காவல்காரர் போன் போட்டதும் முட்டை வண்டி காலித் தட்டுகளோடு திரும்பி வந்தது. டிரைவர் குதித்து இறங்கி மகளைப் பார்த்தான். தட்டுகளை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, வண்டியின் குளிரூட்டிய பெட்டிக்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தீனிக்காரி உட்கார்ந்தாள். எதிரே நாத்தனார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தீனிக்காரி பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள். முட்டையை அப்படித்தான் பிடிப்பார்கள்.

"அம்மா, தண்ணி."

"ஆஸ்பத்திரி போய்க் குடிக்கலாம்."

"ஒரு மடக்கும்மா."

"இல்லடா."

"நாக்கை மட்டும் நனைச்சுக்கிறேன்மா."

"இல்லடா கண்ணு, இல்ல."

பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளைக்கு அவள் அதிகம் சொன்ன சொல் இல்லை என்பதுதான். சோறு இல்லை, ரொட்டி இல்லை, இன்னொரு வாய் இல்லை. இப்போது தண்ணீரும் இல்லை. எந்த ஆத்தாளுக்கு இந்தக் கதி வரும்? சிட்டுவின் உதட்டோரம் மாவு உலர்ந்து வெடித்திருந்தது. தீனிக்காரி தன் கண்ணைத் துடைத்த ஈர விரலை அந்த உதட்டில் ஒரு தடவை வைத்தாள். அதற்கே பயந்து உடனே எடுத்துக்கொண்டாள்.

இறங்கும்போது நாத்தனார், "நான் கொன்னுட்டேனா?" என்று கேட்டாள். தம்பி அவள் தோளைப் பிடித்து இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் பழைய டாக்டரம்மாதான் இருந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருப்பதை எடுக்கவேண்டும், இரைப்பைச் சுவர் கிழிந்திருந்தால் அறுக்கவேண்டும், எதையும் இப்போது சொல்ல முடியாது என்றாள். கதவு சாத்தப்பட்டது. மூன்று பேரும் வெளியே சுவரோரமாக உட்கார்ந்தார்கள். தீனிக்காரி இன்னும் பழுப்புக் கோட்டில் இருந்தாள். அதிலிருந்து உமித்தூசி உதிர்ந்து ஆஸ்பத்திரித் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

நேரம் நகர்ந்தது. ஒரு நர்ஸ் வெளியே வந்து, மூடிய வாளி ஒன்றைக் கொண்டுபோனாள். இன்னொரு வாளியும் போயிற்று. தீனிக்காரி சாமியைக் கும்பிட்டாளா என்றால், கும்பிட்டாள். ஆனால் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது சாமி இல்லை, கோழிகள்தான். வரிசை வரிசையாக, ஒரு கண்ணால் பார்த்தபடி. விட்டுவிடுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று அவற்றிடம்தான் கெஞ்சினாள்.

டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்தபோது தீனிக்காரி உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"கிழியல" என்றாள் டாக்டரம்மா. "எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தாலோ, தண்ணி குடுத்திருந்தாலோ வேற மாதிரி போயிருக்கும். பொழைச்சுக்கிட்டா."

டிரைவர் சுவரில் முகத்தை வைத்துக் குலுங்கினான். தீனிக்காரி அப்படியே டாக்டரம்மாவின் காலடியில் நகர்ந்து உட்கார்ந்து, இத்தனை காலம் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, நான் கோழியைப் பட்டினி போடுறவ. அதுங்க பாவமா இது?"

டாக்டரம்மா குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். "இல்லம்மா. கருவுலயே வந்தது. நீங்க யாரும் பண்ணினது இல்ல, உங்க தலையெழுத்தும் இல்ல. பூட்டுறதை மட்டும் விட்டுடாதீங்க."

தீனிக்காரி தலையாட்டினாள். பாதி நம்பினாள். மீதிப் பாதியை நம்ப அவளுக்கு இன்னும் நாளாகும்.

சிட்டுவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாயங்காலம், சமையலறைப் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைக் காணோம். அன்று அலறிக்கொண்டு ஓடியதில் நாத்தனாரின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து அது எங்கோ விழுந்திருந்தது. பிள்ளைக்குக் கஞ்சி வைத்தாக வேண்டுமே என்று டிரைவர் கல்லால் பூட்டை உடைத்தான். கஞ்சி அளந்து கொடுத்தாயிற்று. புதுப் பூட்டு வாங்கிவர அவன் கடைக்குக் கிளம்பினான்.

"நீ போயிட்டு வா. அதுவரைக்கும் நான் வாசல்ல உக்காந்திருக்கேன்" என்று தீனிக்காரி சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாகத் தூக்கமில்லாத உடம்பு. சாய்ந்ததும் கண் சொருகியது.

யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தாள். எதிர்ச்சுவரின் மூலையில், எட்டிப் போகமுடிந்த அளவுக்கு எட்டிப்போய், சிட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டியிருந்தாள். உடம்பு நடுங்கியது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா? எங்கயாவது வலிக்குதா?"

"பூட்டு எங்கம்மா?"

"ஒடஞ்சு போச்சுடா. அப்பா புதுசு வாங்கப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"இப்ப வந்துடுவாரு. நான்தான் உக்காந்திருக்கேன்ல?"

சிட்டு அழ ஆரம்பித்தாள். சோற்றுக்கு அழுகிற அழுகை தீனிக்காரிக்குத் தெரியும். இது அந்த அழுகை இல்லை.

"நீ தூங்குறம்மா. தூங்காதம்மா. நீ தூங்கினா நான் வந்துடுவேன்."

தீனிக்காரிக்குத் தூக்கம் கலைந்துபோயிற்று. இத்தனை வருஷமாக அந்தப் பூட்டைப் பிள்ளை வெறுக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். நீலக் கோட்டு தலைகாட்டாதவரைக்கும் கோழிகள் தலையைத் தாழ்த்திக் கிடக்கும் என்பதைத் தினமும் பார்க்கிற அவளுக்கு, இது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

"கதவு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா" என்றாள் சிட்டு. "பூட்டினாத்தான் சும்மா இருக்கும். எனக்குப் பயமா இருக்கு."

திண்டாடிப்போய்த் தீனிக்காரி எழப் போனாள். எழுந்தால் கதவு திறந்துவிடும். எழாவிட்டால் பிள்ளையை எப்படி அணைப்பது? இரண்டுங்கெட்டானாக அவள் அசைந்தபோது, முன்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தீனிக்காரியின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, கதவு மறையும்படி உட்கார்ந்தாள். பெரிய உடம்பு. பலகை கொஞ்சங்கூடத் தெரியவில்லை.

"ரெண்டு பேர் இருக்கோம்டா கண்ணு. உங்கம்மா தூங்கினா நான் முழிச்சிருப்பேன்."

"நான் கேட்டா குடுப்பியா அத்தை?"

"குடுக்க மாட்டேன்."

"அழுதா?"

நாத்தனார் முதுகைக் கதவில் இன்னும் அழுத்தினாள். "அழுதாலும் குடுக்க மாட்டேன்."

சிட்டு கொஞ்சநேரம் அவளையே பார்த்தாள். அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கியது.

டிரைவர் பூட்டோடு வந்தான். பெரிய பூட்டு, கடையிலேயே பெரியதாகக் கேட்டு வாங்கியிருந்தான். இருவரும் எழுந்து வழிவிட்டார்கள். அவன் பூட்டை மாட்டி அழுத்தினான். டக்கென்று விழுந்தது. சிட்டு மூலையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து இழுத்தாள். கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்தாள். வரவில்லை.

"அத்தை, நீ இழுத்துப் பாரு. உனக்குத்தான் பலம் அதிகம்."

நாத்தனார் பூட்டைப் பிடித்து இழுத்தாள். அண்டா இறக்குகிற கையால், பல்லைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே இழுத்தாள். கதவு அசைந்தது, பூட்டு அசையவில்லை. விட்ட கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

தீனிக்காரி சாவியை முந்தானையில் முடிந்தாள். முடிந்துவிட்டு, வழக்கம்போலப் பிள்ளையின் பார்வை எங்கே இருக்கிறது என்று பயந்து பயந்து குனிந்து பார்த்தாள். சிட்டு முடிச்சைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வருதும்மா" என்றாள்.